தானியங்கிப் பாசனக் கன்ட்ரோலர்: பொருத்துவது, வயரிங் செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து, உள்ளே வரிசையாக இருக்கும் டெர்மினல்களைப் பார்த்ததும் பயந்து, மறுபடி மூடி அலமாரியில் வைத்தவர்கள் உண்டு. பயப்பட அதில் ஒன்றுமே இல்லை. கடிகாரம் வைத்த சுவிட்ச் வரிசைதான் அது. நேரம் வந்தால் ஒரு சுவிட்சைப் போடும், முடிந்தால் அணைத்துவிட்டு அடுத்ததைப் போடும். தகராறு எல்லாம் மண்ணுக்கடியில் இருக்கும் வயர் இணைப்புகளில்தான். கீழே உள்ள பதில்கள் பலவும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்பதைக் கவனிப்பீர்கள்.

கன்ட்ரோலர் எப்படி ஒரு வால்வைத் திறக்கிறது?

கன்ட்ரோலருக்குள்ளோ பக்கத்திலோ ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அது மெயின் மின்சாரத்தை 24 வோல்ட் ஏசியாகக் குறைத்துத் தரும். ஒரு ஸ்டேஷனின் (ஒரு வால்வுக்கென்று கன்ட்ரோலரில் இருக்கும் இணைப்பு) நேரம் வந்ததும் அந்த 24 வோல்ட், வயர் வழியாக வால்வின் தலையில் இருக்கும் சோலனாய்டு காயிலுக்குப் (மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகும் கம்பிச் சுருள்) போகும்.

வால்வுக்குள் ரப்பர் டயாஃப்ரம் ஒன்று உண்டு. குழாயில் வரும் தண்ணீரின் அழுத்தமே மேலிருந்து அதை அமுக்கி வழியை அடைத்து வைத்திருக்கும். காயிலில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளே இருக்கும் சின்ன இரும்புத் தண்டு மேலே இழுபட்டு, குண்டூசி கனத்துக்கு ஒரு துளை திறக்கும். டயாஃப்ரத்தின் மேல் தேங்கிய தண்ணீர் அந்தத் துளை வழியாக வெளியேறும். மேலழுத்தம் குறைந்ததும் டயாஃப்ரம் எழும்பி வழிவிடும். மின்சாரம் செய்வது அந்தத் துளையைத் திறப்பது மட்டும்தான், மடையைத் திறப்பது தண்ணீரே. அதனால்தான் குழாயில் அழுத்தம் இல்லாவிட்டால் வயரிங் எவ்வளவு சரியாக இருந்தாலும் வால்வு ஒழுங்காகத் திறக்காது, மூடவும் மூடாது. பெரும்பாலான வால்வுகளுக்குச் சுமார் 1 பார் அழுத்தமாவது வேண்டும்.

பேட்டரி கன்ட்ரோலருக்கும் இதே வால்வு போதுமா?

போதாது. 9 வோல்ட் பேட்டரியில் ஓடுபவைக்கு ‘லாட்சிங்’ வகைக் காயில் வேண்டும். அதற்குத் திறக்க ஒரு நொடிக்கும் குறைவான ஒரு மின்துடிப்பு, மூட எதிர்த்திசையில் இன்னொரு துடிப்பு, அவ்வளவே. இடைப்பட்ட நேரத்தில் மின்சாரமே செலவாகாது, அதனால்தான் ஒரு பேட்டரி மாதக்கணக்கில் வருகிறது. இந்த வகையில் சிவப்பு, கறுப்பு வயர்களை மாற்றிப் போட்டால் திறக்க வேண்டிய நேரத்தில் மூடும், மூட வேண்டிய நேரத்தில் திறக்கும். லாட்சிங் காயிலை 24 வோல்ட் ஏசியில் மாட்டிப் பார்க்காதீர்கள், கருகிவிடும்.

கன்ட்ரோலரை எங்கே மாட்டலாம்?

கண் உயரத்தில், நேர் வெயில் படாத சுவரில். திரையைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தால் நாளடைவில் பார்ப்பதையே விட்டுவிடுவோம். வெளியில் மாட்டுவதானால் வெளிப்புறத்துக்கென்றே செய்த பெட்டியாக இருக்கட்டும். தூசியும் தண்ணீரும் புகாது என்பதைக் காட்டும் ஐபி 65 என்ற மதிப்பீடு இருந்தால் நல்லது. வயர்களைக் கீழ்ப்பக்கத்து ஓட்டை வழியாகவே உள்ளே கொண்டுபோங்கள். மேலே ஓட்டை போட்டால் மழைநீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கிவிடும். பெட்டிக்குள் நுழையும் முன் வயர் ஒரு முறை தாழ்ந்து வளைந்து ஏறினால், வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மோட்டார் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டாம். அது இழுக்கும்போது எழும் மின்காந்த இரைச்சல் கன்ட்ரோலரைக் குழப்பும். வைஃபை மாடல் என்றால் மாட்டப் போகும் இடத்தில் கைப்பேசியை வைத்து முதலில் சிக்னலைப் பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இணையும். இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் சிக்னல் செத்துப்போகும்.

மெயின் மின்சாரத்தை நானே இணைக்கலாமா?

பிளக்கோடு வரும் மாடல் என்றால் செருகிவிட்டால் போதும். நேரடியாக வயர் இணைக்கும் மாடல் என்றால் அந்த ஒரு வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். தனி எம்சிபியும் (மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்சிசிபியும் இருக்கிறதா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஈரத்தில் நின்று வேலை செய்யும் இடம் இது, விளையாட்டு வேண்டாம்.

24 வோல்ட் பக்கம் முழுவதும் நீங்களே செய்யலாம். அந்த வயர் உலர்ந்த கையால் தொட்டால் அடிக்காது. ஆனாலும் இணைக்கும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள். இரண்டு முனைகள் தப்பித் தவறி உரசினால் ஃபியூஸ் போகும், ஃபியூஸ் இல்லாத மாடலில் டிரான்ஸ்ஃபார்மரே போகும். மெயின் வயரையும் 24 வோல்ட் வயரையும் ஒரே பைப்பில் கொண்டுபோகக் கூடாது.

எத்தனை வயர் இழுக்க வேண்டும்?

வால்வுக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று. ஆறு வால்வு என்றால் ஏழு வயர். பம்ப் ரிலேயோ (பம்பைப் போடும் மின்சுவிட்ச்) மாஸ்டர் வால்வோ (எல்லா வால்வுக்கும் முன்னால் முதன்மைக் குழாயில் இருப்பது) இருந்தால் எட்டு. அதோடு இரண்டு வயரைச் சும்மா சேர்த்துப் புதைத்துவிடுங்கள். நாளைக்கு ஒரு வயர் மண்வெட்டியில் அறுந்தாலோ, இன்னொரு பாத்திக்கு வால்வு போடத் தோன்றினாலோ மறுபடி பள்ளம் தோண்ட வேண்டியிருக்காது. வயரைவிடப் பள்ளம்தான் எப்போதும் செலவு.

ஒரே உறைக்குள் பல நிற வயர்கள் வரும் மல்டிகோர் கேபிள் வாங்கினால் வேலை சுத்தமாக இருக்கும். மண்ணில் நேரடியாகப் புதைக்கத் தகுந்தது என்று உறையில் அச்சிட்டிருக்க வேண்டும்.

காமன் வயர் என்றால் என்ன?

ஒவ்வொரு வால்விலிருந்தும் இரண்டு வயர் வரும். அவற்றில் ஒன்று அந்த வால்வுக்கே உரிய ஸ்டேஷன் டெர்மினலுக்குப் போகிறது. மற்றதை எல்லா வால்வுகளிலிருந்தும் சேர்த்து ஒரே வயராக்கி ‘சி’ அல்லது ‘காம்’ என்று எழுதிய டெர்மினலுக்குக் கொண்டுபோகிறோம். போன மின்சாரம் திரும்பி வரும் பாதை அது. வழக்கமாக வெள்ளை வயரை இதற்கு வைத்துக்கொள்வார்கள். இந்த ஒன்று அறுந்தால் அதற்கு அப்பால் இருக்கும் எல்லா வால்வும் ஒரே நேரத்தில் படுத்துவிடும்.

வால்வின் இரண்டு வயரும் ஒரே நிறம். எது ஸ்டேஷன், எது காமன்?

எது வேண்டுமானாலும். 24 வோல்ட் ஏசி காயிலுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் கிடையாது.

வயர் எவ்வளவு கனம் இருக்க வேண்டும்?

வீட்டுத் தோட்டத்துக்கு 0.8 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, அதாவது அமெரிக்க அளவில் 18 கேஜ், தாராளம். தூரம் கூடினால் கணக்குப் போட வேண்டும். காயில் இழுபடும் அந்தக் கணத்தில் சுமார் 0.4 ஆம்பியர் வாங்கும், பிறகு 0.2 முதல் 0.25 ஆம்பியரில் நின்றுவிடும். 0.8 சதுர மில்லிமீட்டர் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 21 ஓம் மின்தடை. வால்வு 150 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 300 மீட்டர், 6.3 ஓம். 0.4 ஆம்பியரில் 2.5 வோல்ட் வழியிலேயே போய்விடும், பரவாயில்லை. அதே வயரை 500 மீட்டருக்கு இழுத்தால் போக வர 21 ஓம், 8.4 வோல்ட் இழப்பு. வால்வுக்குப் போய்ச் சேருவது 16 வோல்ட்டுக்கும் கீழே. காயில் ‘கிர்ர்’ என்று முனகும், தண்டு ஏறாது. அந்தத் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 3 வோல்ட்டுக்குள் அடங்கும்.

மாஸ்டர் வால்வும் ஸ்டேஷன் வால்வும் சேர்ந்து ஓடும்போது காமன் வயரில் இரண்டின் மின்சாரமும் போகும். அதனால் காமனை மட்டும் ஒரு அளவு கனமாகப் போடுவது நல்ல பழக்கம். வீட்டில் மிச்சமிருக்கும் இணையக் கேபிளைப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: பத்து இருபது மீட்டரில் வால்வு திறக்கும்தான், ஆனால் அந்த மெல்லிய உறை மண்ணில் தாங்காது.

மண்ணுக்குள் இணைப்பை எப்படிப் போடுவது? இன்சுலேஷன் டேப் சுற்றினால் போதாதா?

போதாது. இந்தப் பதில் முழுவதிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் வால்வுப் பெட்டியில் (வால்வைச் சுற்றி மண்ணில் பதிக்கும் பெட்டி) நான் டேப்தான் சுற்றினேன். நாலு சுற்று, இறுக்கமாக, பார்க்க அழகாகக்கூட இருந்தது. ஒரு பருவம் ஓடியது. மழைக்குப் பிறகு ஒருநாள் வால்வு திறக்கும், மறுநாள் திறக்காது. வால்வை மாற்றினேன், காயிலை மாற்றினேன், கன்ட்ரோலரைக்கூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் டேப்பைப் பிரித்தால் உள்ளே பசை வழுவழுவென்று ஊறிக் கிடந்தது; கம்பி இருந்த இடத்தில் பச்சைப் பொடி. முனையை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவினேன், அங்கேயும் பச்சை. இன்னும் கொஞ்சம் வெட்டினேன், கறுப்பு. ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிய பிறகுதான் செம்பு செம்பாகத் தெரிந்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல உறைக்குள்ளேயே ஈரம் ஏறியிருந்தது.

சரி, முறையாகச் செய்வது எப்படி? கிரீஸ் அல்லது ஜெல் நிரப்பிய நீர்புகா கனெக்டர் வாங்குங்கள். வயர் முனையில் உறையைச் சுமார் 15 மில்லிமீட்டர் சீவுங்கள். கம்பியில் பிளேடு கீறல் விழக் கூடாது, கீறல் விழுந்த இடத்தில்தான் நாளைக்கு ஒடியும். முனைகளைச் சமமாகச் சேர்த்து வைத்து வயர் நட்டை (முனைகளின் மேல் திருகும் தொப்பி) வலப்பக்கமாக, இனி சுற்றாது என்னும் வரை சுற்றுங்கள். ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். ஒன்று கையோடு வந்தால் பிரித்து மறுபடி செய்யுங்கள். பிறகு நட்டை ஜெல் குழாயின் அடிவரை அழுத்தி மூடியைப் பூட்டுங்கள். செம்பு எங்குமே கண்ணுக்குத் தெரியக் கூடாது.

இணைப்புக்குப் பக்கத்தில் 60 முதல் 90 சென்டிமீட்டர் வயரைக் கூடுதலாக விட்டு, ஒரு பைப்பில் சுற்றிச் சுருளாக்கி வைத்துவிடுங்கள். பழுது பார்க்கும்போது இணைப்பை வெளியே தூக்கி, முழங்காலில் வைத்து வேலை செய்யலாம். வால்வுப் பெட்டியின் அடியில் ஒரு கை உயரத்துக்கு ஜல்லி போட்டு, இணைப்பு அதற்கு மேலே கிடக்குமாறு பாருங்கள். வழியில் நடுமண்ணில் இணைப்பு போடவே வேண்டாம்; தவிர்க்க முடியாவிட்டால் அங்கேயும் ஒரு பெட்டி வையுங்கள்.

வயரை எவ்வளவு ஆழத்தில் புதைப்பது?

30 முதல் 45 சென்டிமீட்டர். தண்ணீர்க் குழாயோடு ஒரே பள்ளத்தில் போவதானால் குழாய்க்கு அடியில் வயரைப் படுக்க வையுங்கள், மண்வெட்டி முதலில் குழாயில்தான் படும். விறைப்பாக இழுக்காமல் கொஞ்சம் தொய்வாக விடுங்கள். மூடுவதற்கு முன் அளவு நாடாவை விரித்து வைத்து ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடம் தொலைந்துவிடும், ஃபோட்டோ கைப்பேசியிலேயே கிடக்கும்.

பம்பைக் கன்ட்ரோலரோடு நேரடியாக இணைக்கலாமா?

கூடவே கூடாது. ‘எம்வி’ (மாஸ்டர் வால்வு) அல்லது ‘பம்ப்’ டெர்மினலில் வருவதும் அதே 24 வோல்ட் ஏசிதான், ஒரு ஆம்பியரைக்கூடத் தாங்காது. நடுவில் 24 வோல்ட் காயில் உள்ள ரிலே அல்லது கான்டாக்டர் (அதிக ஆம்பியர் தாங்கும் பெரிய ரிலே) வேண்டும். கன்ட்ரோலர் ரிலேயை இழுக்கும், ரிலே மோட்டாருக்கு மின்சாரம் தரும். மோட்டாரின் ஆம்பியருக்குத் தகுந்த கான்டாக்டர் பாருங்கள். மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கமான ஆம்பியரைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ரிலேயைக் கன்ட்ரோலரிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி வையுங்கள்.

மும்முனை மோட்டார் என்றால் ஏற்கெனவே பச்சை, சிவப்பு பட்டன் வைத்த ஸ்டார்ட்டர் இருக்கும். இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. பச்சைப் பட்டனின் இரண்டு முனைகளில் ரிலேயைக் கட்டிவிட்டால் மோட்டார் ஒழுங்காகக் கிளம்பும். நேரம் முடிந்து ரிலே விட்ட பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். காரணம், பட்டனிலிருந்து கை எடுத்த பிறகும் ஸ்டார்ட்டரைப் பிடித்து வைக்கத் தனியாக ஒரு துணைத் தொடுமுனை உள்ளே இருக்கிறது. தானியங்கிக்கு அந்தப் பிடிப்பு இல்லாத இரண்டு வயர் முறையில் மாற்றிக் கட்ட வேண்டும்: ரிலே மூடியிருக்கும்வரை ஓட்டம், திறந்தால் நிறுத்தம். சிவப்புப் பட்டனும் ஓவர்லோடு ரிலேயும் (மோட்டார் அளவு மீறி இழுத்தால் நிறுத்துவது) வரிசையில் அப்படியே இருக்க வேண்டும். ஓவர்லோடு தானாக ரீசெட் ஆகும் நிலையில் இருந்தால் அதைக் கைமுறைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் சூடாகி நின்ற மோட்டார் ஆறியதும் மறுபடி கிளம்பி, மறுபடி சூடாகி, மோட்டார் காயில் எரியும்வரை அதையே செய்யும். இந்த வேலையும் எலக்ட்ரீஷியனுடையதே. ஆனால் அவருக்கு இந்தக் குழியைச் சுட்டிக்காட்டுங்கள்.

இன்னொன்று. எட்டு ஸ்டேஷன் கன்ட்ரோலரில் ஆறு வால்வுதான் கட்டியிருக்கிறீர்கள், தெரியாமல் ஏழாவதுக்கு நேரம் கொடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். பம்ப் ஓடும், எந்த வால்வும் திறக்காது, தண்ணீர் போக வழியின்றிப் பம்புக்குள்ளேயே சுழன்று கொதிக்கும். காலியாக உள்ள டெர்மினல்களைச் சிறு வயர் துண்டால் ஏதாவது ஒரு வேலை செய்யும் ஸ்டேஷனோடு இணைத்துவிட்டால் இந்த ஆபத்து இல்லை. கிணற்றிலோ தொட்டியிலோ தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் கருவியும் கட்டாயம் வேண்டும். கன்ட்ரோலருக்குத் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது.

மழை சென்சாரை எப்படி இணைப்பது?

‘சென்சார்’ என்று குறித்த இரண்டு டெர்மினல்களுக்கு நடுவே சின்ன உலோகத் துண்டோ வயரோ பாலம் போட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு, சென்சாரின் இரண்டு வயர்களை அந்த இடத்தில் மாட்டுங்கள். சாதாரணமாக மூடிய நிலையில் இருக்கும் சுவிட்ச்தான் அது. உள்ளே தக்கை போன்ற தட்டுகள் மழையில் ஊறி உப்பி, சுவிட்சை அமுக்கி, வால்வுக்குப் போகும் பாதையைத் துண்டிக்கும். காய்ந்ததும் தானாகச் சேர்த்துவிடும். எத்தனை மில்லிமீட்டர் மழைக்குத் துண்டிக்க வேண்டும் என்பதை மூடியைத் திருகி வைக்கலாம். பெரும்பாலானவற்றில் 3 முதல் 20 மில்லிமீட்டர்வரை. கூரை விளிம்புக்குக் கீழே மாட்டிவிட்டு மழை தெரியவில்லை என்று புலம்பாதீர்கள். தெளிப்பானின் நீர் படும் இடத்திலும் வேண்டாம்.

பாலத்தை எடுத்துவிட்டுச் சென்சாரைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டால், ஒரு வால்வும் திறக்காது.

எர்த் அவசியமா?

அவசியம். வெட்ட வெளியில் நூறு மீட்டர் வயர் புதைத்திருக்கிறீர்கள். பக்கத்தில் எங்கோ மின்னல் விழுந்தால் அந்த அதிர்ச்சியை வாங்கிக் கன்ட்ரோலருக்குக் கொண்டுவரும் ஆன்டெனா அது. கன்ட்ரோலரில் மின்னல் தடுப்பு இருந்தாலும் அதை எங்கே வடிப்பது? எர்த் கம்பிக்குத்தான். எர்த் மின்தடை 10 ஓமுக்குள் இருக்க வேண்டும். வயர் குறுகிய வழியில், கூர்மையான வளைவு இல்லாமல் போகட்டும். எதிரிலேயே இடி விழுந்தால் எந்தத் தடுப்பும் நிற்காது, அது வேறு விஷயம்.

எல்லாம் இணைத்தாயிற்று. எப்படிச் சோதிப்பது?

மின்சாரம் தருவதற்கு முன் மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். கன்ட்ரோலர் பக்கத்தில், வயர்களை டெர்மினலில் மாட்டாமல், காமனுக்கும் ஒவ்வொரு ஸ்டேஷன் வயருக்கும் இடையே அளந்து எழுதுங்கள். 20 முதல் 60 ஓம்வரை வந்தால் நலம். ஆறு வால்வும் ஒரே மாடல் என்றால் ஆறு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். தூரத்து வால்வில் ஓரிரு ஓம் கூடலாம். ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது நட்டுக்குள் கம்பி சேரவில்லை. 10 ஓமுக்குக் கீழே என்றால் காயில் ஷார்ட், அல்லது இரண்டு வயர் ஒன்றோடொன்று தொடுகிறது. பல நூறு ஓம் என்றால் இணைப்பில் ஈரம்.

எழுதிய தாளைக் கன்ட்ரோலர் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துப் பழுது வரும்போது அந்த எண்கள் அப்படி உதவும்.

அப்புறம் வயர்களை மாட்டி, மின்சாரம் கொடுத்து, ஒவ்வொரு ஸ்டேஷனையும் கைமுறையில் இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். வால்வுப் பெட்டி அருகே நின்று வால்வு ‘டிக்’ என்று இழுக்கும் சத்தம் கேட்கிறதா, மூடிய பிறகு கடைசித் தெளிப்பான் சொட்டாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

ஒரு வால்வு மட்டும் திறக்கவில்லை. எங்கே தேடுவது?

தோண்டுவதற்கு முன் இடம் மாற்றிப் பாருங்கள். நான்காவது திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். நான்காவது வயரைக் கழற்றி, நன்றாக ஓடும் மூன்றாவது டெர்மினலில் மாட்டி மூன்றை ஓடவிடுங்கள். வால்வு திறந்தால் கன்ட்ரோலரின் நான்காவது டெர்மினலில் கோளாறு. திறக்காவிட்டால் கன்ட்ரோலர் நிரபராதி, வயரிலோ வால்விலோ தேட வேண்டும்.

அடுத்து, வால்வில் உள்ள காயிலைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். தண்ணீர் பாய்ந்தால் வால்வின் உடம்பு நன்றாக இருக்கிறது, பழுது மின்சாரப் பக்கம். பாயவில்லை என்றால் வரும் வழியில் அடைப்பு, அல்லது யாரோ கேட் வால்வை மூடி வைத்திருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், அடிக்கடி நடப்பதுதான். மின்சாரப் பக்கம் என்று தெரிந்தால் ஸ்டேஷனை ஓடவிட்டு, வால்வுப் பெட்டியில் ஸ்டேஷன் வயருக்கும் காமனுக்கும் இடையே, இணைப்பின் இருபுறமும் வோல்ட் பாருங்கள். கன்ட்ரோலரில் 24 முதல் 28 வோல்ட்வரை இருந்து இங்கே 12 காட்டினால் இடையில் ஒரு இணைப்பு பச்சைப் பொடியாகிக்கொண்டிருக்கிறது.

எந்த வால்வும் திறக்கவில்லை என்றால்?

இந்த வரிசையில் பாருங்கள்: மழை சென்சார் துண்டித்திருக்கிறதா, நிரல் அணைந்து கிடக்கிறதா, ஃபியூஸ் போனதா, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 24 வோல்ட் வருகிறதா, காமன் வயர் டெர்மினலில் இருக்கிறதா. திரை எரிகிறது என்பதால் மின்சாரம் வருகிறது என்று நினைக்க வேண்டாம். பல மாடல்களில் திரை பேட்டரியிலேயே எரியும்.

வால்வு மூடவே மாட்டேன் என்கிறது. கன்ட்ரோலர் கெட்டுவிட்டதா?

அந்த ஸ்டேஷன் வயரை டெர்மினலிலிருந்து பிடுங்குங்கள். தண்ணீர் நின்றால் கன்ட்ரோலரைச் சந்தேகிக்கலாம். பிடுங்கிய பிறகும் பாய்ந்தால் மின்சாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் இரண்டாவதுதான். டயாஃப்ரத்துக்கடியில் ஒரு சின்னக் கல் போதும். மேல்மூடியின் திருகுகளைக் கழற்றி, டயாஃப்ரத்தை எடுத்துக் கழுவி, கிழிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மாட்டுங்கள். ஸ்பிரிங்கைத் தொலைத்துவிடாதீர்கள், துள்ளிப் போகும். புதிதாகப் போட்ட வால்வு முதல் நாளே மூடவில்லை என்றால், அதன் மேல் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைக் காட்டுகிறதா என்று பாருங்கள். திருப்பி மாட்டிய வால்வு மூடாது. ஓட்டம் மிகக் குறைவான சொட்டுநீர் வரிசைக்குப் பெரிய வால்வைப் போட்டாலும் இதே தொல்லை வரும்.

வால்வுகளுக்கு முன்னால் வடிகட்டி வையுங்கள். சொட்டுநீருக்கு 120 மெஷ், அதாவது 130 மைக்ரான், பொருந்தும்.

காலையில் ஒரு முறை என்று வைத்தேன், நாள் முழுவதும் மாறி மாறி ஓடுகிறது. ஏன்?

தொடக்க நேரத்தை ஒவ்வொரு வால்வுக்கும் ஒன்றாகக் கொடுத்திருப்பீர்கள். பெரும்பாலான கன்ட்ரோலர்களில் தொடக்க நேரம் நிரலுக்கு உரியது, வால்வுக்கு அல்ல. ஏ நிரலுக்குக் காலை 5:00 என்று ஒன்று கொடுத்தால் போதும். முதல் வால்வு முடிந்ததும் இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று அதுவே வரிசையாகப் போகும். 5:00, 5:20, 5:40 என்று மூன்று கொடுத்தால் முழுச் சுற்றும் மூன்று முறை ஓடும். வயரிங்கில் குறை என்று நினைத்துப் பார்க்கப் போன இடங்களில் பாதியில் இதுதான் காரணம்.

ஒவ்வொரு வால்வுக்கும் எத்தனை நிமிடம் வைப்பது?

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் நீர் என்பது 1 லிட்டர். 20 சதுர மீட்டர் பாத்திக்கு 5 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 100 லிட்டர். அங்கே மணிக்கு 4 லிட்டர் சொட்டும் சொட்டான்கள் 50 இருந்தால் மணிக்கு 200 லிட்டர், ஆக அரை மணி நேரம். களிமண்ணில் தெளிப்பான் என்றால் ஒரேயடியாக விடாமல், பாதி நேரம் விட்டு, மண் குடித்த பிறகு மீதியை விடுங்கள், இல்லாவிட்டால் வழிந்தோடிவிடும்.

சொட்டுநீரையும் தெளிப்பானையும் ஒரே வால்வில் போடலாமா?

வேண்டாம். ஒன்றுக்கு நிமிடக்கணக்கு, மற்றதற்கு மணிக்கணக்கு. அழுத்தமும் வேறு.

ஒரே டெர்மினலில் இரண்டு வால்வு கட்டலாமா?

இரண்டும் ஒன்றாகத் திறந்தால் தண்ணீர் போதும் என்றால் கட்டலாம். இரண்டின் வயர்களையும் பக்கவாட்டில் (ஒவ்வொன்றிலும் ஒரு வயர் ஸ்டேஷனுக்கு, மற்றது காமனுக்கு) இணையுங்கள், ஒன்றன் பின் ஒன்றாகத் தொடராக இணைத்தால் இரண்டுமே திறக்காது. டிரான்ஸ்ஃபார்மரின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியரைப் பாருங்கள். 1 ஆம்பியர் என்றால் மாஸ்டர் வால்வோடு சேர்த்து இரண்டு காயில் நிம்மதியாக ஓடும். மூன்று ஒரே நேரத்தில் இழுத்தால் தொடக்கத்திலேயே 1.2 ஆம்பியர் ஆகிவிடும்.

மின்வெட்டு வந்தால் நிரல் அழிந்துவிடுமா?

இப்போதைய மாடல்களில் நிரல் அழியாது. கடிகாரம் ஓடத்தான் பொத்தான் பேட்டரி. அந்தப் பேட்டரியால் வால்வைத் திறக்க முடியாது. மின்சாரம் இல்லாதபோது தவறிய பாசனம் தவறியதுதான்.

இரண்டே வயரில் எல்லா வால்வும் ஓடும் டீகோடர் முறை நல்லதா?

வால்வுகள் நிறைய, தூரம் அதிகம் என்றால் நல்லது. ஒரு ஜோடி வயர் எல்லா வால்வையும் தொட்டுக்கொண்டு போகும். ஒவ்வொரு வால்விலும் தனக்கென்று முகவரி உள்ள ஒரு டீகோடர் இருக்கும், தன் பெயர் கூப்பிடப்பட்டால் மட்டும் திறக்கும். இடையில் வால்வு சேர்ப்பது சுலபம். ஆனால் இணைப்பில் ஈரம் புகுந்தால் ஒரு வால்வோடு நிற்காமல் பாதை முழுவதும் குழம்பும், எர்த்தும் பல இடங்களில் வேண்டும். பத்துப் பன்னிரண்டு வால்வுக்குச் சாதாரண முறையே போதும் என்பேன்.

பழைய கன்ட்ரோலரை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு வயரையும் கழற்றும் முன் ஃபோட்டோ எடுங்கள், எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு வயரிலும் எண் எழுதிய டேப் துண்டை ஒட்டிய பிறகே திருகைத் தொடுங்கள். காமன் டெர்மினலில் இரண்டு மூன்று வயர் இருக்கலாம். வெவ்வேறு திசைக்குப் போகும் காமன்கள் அவை, எல்லாவற்றையும் புதிய காமனில் சேர்த்தே மாட்ட வேண்டும். புதிய கன்ட்ரோலருக்கு அதனோடு வந்த டிரான்ஸ்ஃபார்மரையே பயன்படுத்துங்கள். பழைய வயர் முனை கறுத்திருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவுங்கள். பளிச்சென்று செம்பு தெரிந்தால்தான் டெர்மினலுக்குள் விட வேண்டும்.